அப்புறம் என்ன ஆயிற்று? குழந்தைகள் மனநலச் சிகிச்சையில் கூட்டுக் கதை விளையாட்டு

குழந்தைகள் மனநலப் பிரிவில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம், "டாக்டர் என்ன கேட்டார்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். "ஒண்ணும் கேட்கலை, கதை சொன்னோம்" என்பதே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் விடை. மந்தைவெளியிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, சீட்டுப் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இவ்விடை ஏமாற்றம் தருவது இயல்பே. காய்ச்சலுக்கு மருந்து, எலும்பு முறிவுக்குக் கட்டு என்று பழகிய நமக்கு, பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கும் பேச்சையே நிறுத்திவிட்ட பிள்ளைக்கும் கதை விளையாட்டு எவ்வாறு சிகிச்சையாகும் என்ற ஐயம் எழுவதில் தவறில்லை. அந்த ஐயத்திற்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவையும் செய்யக்கூடாதவையும் இதில் அடங்கும்.

2015-16 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களுள் ஏறத்தாழ 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டறிந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் அவர்களுள் மூவர் என்று கொள்ளலாம். ஆகவே, உங்கள் குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்த விதி இது என்று கருத வேண்டா.

ஏன் நேரடியாகக் கேட்பதில்லை?

"ஏன் அழுகிறாய்? ஏன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாய்? என்ன நடந்தது?" இக்கேள்விகளை எங்களிடம் வருவதற்கு முன்பே வீட்டிலும் பள்ளியிலும் பலர் கேட்டிருப்பர். எட்டு வயதுக் குழந்தைக்குத் தன் மனநிலையைத் தானே விலகி நின்று பார்த்து, அதற்குப் பெயரிட்டு, காரணம் கூறும் ஆற்றல் இன்னும் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அச்சமோ இழப்போ நேர்ந்திருந்தால் நினைவுகளும் கோவையாக இரா. ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு கதவு எனத் துண்டு துண்டாகவே நிற்கும். தனக்குத் தெரியாததைப் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும்போது குழந்தை இரண்டில் ஒன்றைச் செய்கிறது. ஒன்று, வாயை மூடிக்கொள்கிறது. அல்லது கேட்பவர் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. பின்னது முன்னதைவிட ஆபத்தானது.

கதையில் இந்த நெருக்கடி இல்லை. பயந்தது யானைக்குட்டி, கோபித்துக்கொண்டது பூதம், வீட்டைவிட்டு ஓடியது பூனை. "நான்" என்ற சொல்லை உச்சரிக்காமலேயே குழந்தையால் நெடுந்தூரம் பேச முடிகிறது. இந்தத் திரையைத்தான் நாங்கள் மதிக்கிறோம். திரையை விலக்கி உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவதே மருத்துவரின் திறமை என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் கருத்து அதற்கு மாறானது: திரை இருப்பதனாலேயே குழந்தை பேசுகிறது, அதை இழுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

லண்டனில் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் நாற்பதாண்டுகள் பணியாற்றிய டொனால்டு வின்னிகாட் என்னும் மருத்துவர் இதை எளிய ஒரு விளையாட்டால் காட்டினார். அவர் தாளில் ஒரு கிறுக்கல் போடுவார். குழந்தை அதை ஓர் உருவமாக மாற்ற வேண்டும். பிறகு குழந்தை கிறுக்க, அவர் உருவமாக்குவார். யாருடைய கோடு எது என்று பிரிக்க முடியாத நிலையில் பேச்சு தொடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர் 1971-இல் வெளியிட்ட நூலில் கதையையே இவ்வாறு பயன்படுத்தும் முறையை விளக்கினார். குழந்தை ஒரு கதை சொல்லும்; அதே பாத்திரங்களை வைத்து மருத்துவர் நல்ல முடிவுள்ள வேறொரு கதையைத் திரும்பச் சொல்வார். இம்முறையில் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. கடைசிச் சொல் மருத்துவரிடம் போய்விடுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் கடைசிச் சொல் எப்போதும் பெரியவர்களுடையதாகவே இருக்கும் பிள்ளைக்கு, இங்கேனும் அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

ஊம் கொட்டும் மரபு

கதையைக் கூடிச் செய்வது நமக்குப் புதிதன்று. பாட்டி கதை சொல்லும்போது கேட்கும் பிள்ளைகள் "ஊம்" கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நிற்கும். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரின் சொல்லை உடன் அமர்ந்திருப்போர் ஆமோதித்தும் கேள்வி எழுப்பியும் நடத்திச் செல்வர். நவராத்திரியின்போது மயிலாப்பூர் மாட வீதிகளில் வாங்கி வந்த பொம்மைகளைப் படியில் அடுக்கி முடித்த பின்னர், கொலுவின் கீழே மண்ணும் கேழ்வரகு முளையும் கொண்டு ஊர் ஒன்று அமைக்கும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். செட்டியார் பொம்மையின் கடைக்கு யார் வருகிறார், ஏன் கடன் கேட்கிறார், அவரைத் துரத்திய நாய் எங்கே போயிற்று என்று ஒருவர் தொடங்க, மற்றவர் தொடர்வர். நாங்கள் அறைக்குள் செய்வது ஏறத்தாழ இதுதான்.

ஏ. கே. ராமானுஜன் 1991-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைகள் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை உண்டு. மகன்களும் மருமகள்களும் கொடுமைப்படுத்தும் ஒரு கிழவி, தன் துயரைச் சொல்ல ஆளில்லாமல் உள்ளேயே அடக்கி அடக்கி உடல் பருத்துப் போகிறாள். ஒருநாள் பாழடைந்த வீடொன்றில் புகுந்து, சுவர்களிடம் ஒவ்வொரு குறையாகச் சொல்கிறாள். ஒவ்வொரு சுவராக இடிந்து விழ, அவள் உடலும் மனமும் இலேசாகின்றன. பெற்றோர் கூட்டங்களில் இக்கதையை நாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. பெரியவர்களுக்குச் சுவர் போதுமானதாக இருக்கலாம். குழந்தைக்கு "அப்புறம்?" என்று கேட்கும் ஒரு முகம் வேண்டும்.

அறைக்குள் நடப்பது

மூன்று முதல் ஐந்து குழந்தைகள், ஓர் உளவியலாளர், சில சமயம் பயிற்சி பெறும் மாணவர் ஒருவர். தரையில் பாய். நடுவில் படச்சீட்டுகள், சில மரப்பொம்மைகள், ஒரு தாயக்கட்டை, ஒரு கூழாங்கல். கல் யார் கையில் இருக்கிறதோ அவரே கதை சொல்லலாம். மற்றவர் ஊம் கொட்டலாம், கேள்வி கேட்கலாம், "இல்லை, அப்படி இல்லை" என்று மட்டும் சொல்லக்கூடாது. முந்தையவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன் மேல்தான் கட்ட வேண்டும். இவ்வொரு விதியைக் கடைப்பிடிப்பதே, தன் முறைக்குக் காத்திருக்க இயலாத துறுதுறுப்புள்ள பிள்ளைக்குப் பெரிய பயிற்சியாகும்.

தாயக்கட்டை எதற்கு என்று கேட்கலாம். பூதத்தின் குகைக்குள் முயல் போகிறது, தப்புமா? கட்டையை உருட்டிப் பார்க்கிறோம். தோற்றால் அது முயலின் குற்றமன்று, சொன்னவரின் குற்றமுமன்று. கட்டை அப்படி விழுந்தது. எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. பெற்றோர் பிரிந்ததும் தம்பி நோயுற்றதும் தன்னால்தான் என்று எண்ணும் பிள்ளைக்கு, காரணமின்றியும் தீங்கு நேரும் என்பதைச் சொற்களால் விளக்குவது கடினம். கட்டை எளிதில் விளக்கிவிடுகிறது. பகடை உருட்டிக் கூட்டாகக் கதை நடத்தும் விளையாட்டுகள் மேலைநாடுகளில் 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலாகப் புகழ்பெற்றவை. அண்மைக் காலத்தில் சிகிச்சையாளர் சிலர் அவற்றைக் குழுச் சிகிச்சைக்கும் எடுத்துக்கொண்டுள்ளனர்.

சிவப்புச் சீட்டு ஒன்றும் பாயின் ஓரத்தில் இருக்கும். கதை தாங்க முடியாத இடத்திற்குப் போனால் எந்தக் குழந்தையும் அதைத் தொடலாம். தொட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. பேசாத பிள்ளையும் சீட்டைத் தொடலாம், பொம்மையை நகர்த்தலாம். அதுவும் கதை சொன்னதாகவே கொள்ளப்படும். இறுதியில் நீதி கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ஒரு காக்கையின் கதை

பல குழந்தைகளின் சாயல்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றி இதனைக் கூறுகிறோம். தாயை இழந்த எட்டு வயதுச் சிறுவன். பள்ளியில் பேசுவதை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அழைத்து வந்தவர் அவனுடைய பாட்டி.

முதல் இரண்டு அமர்வுகளில் அவன் கல்லை வாங்கி, வைத்திருந்து, அடுத்தவரிடம் கொடுத்தான். மூன்றாவதில் ஒரு காக்கைப் படத்தை எடுத்து நடுவில் வைத்தான். வேறொரு சிறுமி, "காக்கா வீட்டுக்குப் போச்சு, வீடு பூட்டியிருந்தது" என்றாள். கதைக்குள் இன்னொருவன் சாவி கொண்டுவந்து கொடுத்தான். அப்போது இவன் வாய் திறந்தான்: "சாவி வேண்டாம். ஜன்னல்ல உட்காரும்." எங்கள் அறையில் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

அன்று மாலை பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் கண்கலங்கினார். மருமகளின் காரியங்கள் முடிந்த பின்னர் நாள்தோறும் மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்து வருகிறார். "அந்தக் காக்கா உங்க அம்மாதானே என்று கேட்கட்டுமா டாக்டர்?" என்றார். வேண்டா என்று கேட்டுக்கொண்டோம். அது அவன் அம்மாவாக இருக்கலாம், அவனாகவே இருக்கலாம், இரண்டுமாக இருக்கலாம். எது என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கே உரியது. அவன் வீட்டில் கதையைத் தொடர்ந்தால் ஊம் மட்டும் கொட்டுங்கள் என்றோம். பாட்டிக்கு அது எளிதாக இருக்கவில்லை, எனினும் செய்தார்.

அடுத்த வாரங்களில் அந்தக் காக்கை ஜன்னலில் உட்கார்ந்தது, மழையில் நனைந்தது, உள்ளே யாரோ படிப்பதைப் பார்த்தது. தாயக்கட்டையில் ஒருமுறை வெற்றி விழுந்தும் அது உள்ளே போகவில்லை. "அது உள்ளே வராது" என்றான். பிறகு சற்று நேரம் கழித்து, "ஆனா சாப்பாடு வெச்சிருக்காங்க, அது தெரியும்" என்றான். நாங்கள் எதுவும் சேர்க்கவில்லை. மாத இறுதியில், இனிச் சோறு வைப்பது தன் வேலை என்று பாட்டியிடம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டானாம். பள்ளியில் பேச்சு திரும்ப இன்னும் சில மாதங்கள் ஆயின. ஆசிரியரின் ஒத்துழைப்பும் பாட்டிக்குத் தனியே அளித்த ஆலோசனையும் அதில் பங்குகொண்டன. கதை மட்டுமே செய்தது என்று கூறமாட்டோம்.

போரும் கடலும் கற்பித்தவை

தமிழ்ப் பிள்ளைகளிடையே இத்தகைய பணி பெரிய அளவில் நடந்த இடம் இலங்கையின் மட்டக்களப்பு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகன், இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகம் ஆகியோரின் முயற்சியில் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பெற்றது. சுற்றுக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் ஒன்றாக அழைத்துவரப்பட்டனர். தோட்டம், களிமண், ஓவியம், கதை, நாடகம் என்று மாதக்கணக்கில் ஒன்றாக விளையாடினர். வெளியே ஒருவரையொருவர் அஞ்சிய இரு சமூகங்களின் பிள்ளைகள் உள்ளே ஒரே கதையைக் கட்டினர். நோயாளி என்று பெயர் சூட்டி, நடந்ததைச் சொல் என்று தொடங்காமல், முதலில் பாதுகாப்பான இடமும் பழகிய முகங்களும் அளித்ததே அப்பூங்காவிடம் நாங்கள் கற்கும் பாடம்.

நம் நகரமும் இப்பாடத்தைக் கற்க நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் கரைகளைத் தாக்கியது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. பேரிடர் முடிந்த கையோடு ஒவ்வொரு குழந்தையையும் அமரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்வது நன்மை தரும் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. இன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. உணவு, உறக்கம், உறவினர், பள்ளி, விளையாட்டு ஆகியவையே முதலில்.

உண்மையில் நடந்ததைச் சொல்லவைக்கும் சிகிச்சை வேறொன்று. அதற்கும் இடம் உண்டு. வடகிழக்கு இலங்கையில் போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட, மன அதிர்ச்சிக் கோளாறு உடைய 31 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் ஆறு அமர்வுகளில் தம் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் கோவையாகச் சொன்னார்கள். மற்றக் குழுவினர் அதே எண்ணிக்கையிலான அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின்னர் முதற்குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாவதில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். சிறிய ஆய்வு; சிகிச்சையே பெறாத குழு அதில் இல்லை. ஆகவே இதை வைத்துப் பெரிய முழக்கம் செய்ய இயலாது. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையுடன் ஒழுங்காக உடனிருந்தால் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதையே இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கூட்டுக் கதை விளையாட்டுக்கு இத்தகைய சான்றுகள் இன்னும் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. எனவேதான் அதை மற்றச் சிகிச்சைகளுக்கு மாற்றாக அல்லாமல் அவற்றுக்குத் துணையாக வைத்திருக்கிறோம். மருந்து எழுதப்பட்டிருந்தால் மருந்தை நிறுத்தக்கூடாது. இல்லாத குரல்கள் கேட்கும் நிலையிலோ, கட்டுக்கடங்காத கிளர்ச்சி நிலையிலோ உள்ள பிள்ளையைக் கதைக் குழுவில் சேர்ப்பதில்லை. நிலை சீரான பிறகே சேர்க்கிறோம்.

வீட்டில்

இரவில் பத்து நிமிடங்கள் போதும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம்: ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தொலைந்த ஒற்றைச் செருப்பு, அடையாறு உடைந்த பாலத்தில் குடியிருக்கும் ஆந்தை. உங்கள் வேலை "ஊம்", "அப்புறம்?", "அது எப்படி இருந்தது?" என்பவற்றோடு முடிகிறது. ராட்சசன் எல்லோரையும் தின்றுவிட்டான் என்று பிள்ளை கதையை முடித்தால், "சீ, அப்படிச் சொல்லாதே" என்று திருத்த வேண்டா. நாளை அதே ராட்சசனுக்கு வயிற்றுவலி வரக்கூடும். "இதனால் அறியப்படுவது யாதெனில்" என்று தொடங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு இது சற்றுக் கடினம் என்பதை அறிவோம்.

கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. 1976-இல் கலிபோர்னியாவின் சௌசில்லா ஊரில் 26 குழந்தைகள் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைக்கப்பட்ட வண்டியில் அடைக்கப்பட்டனர். அனைவரும் உயிருடன் மீண்டனர். அவர்களைத் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டு ஏனைய விளையாட்டைப் போன்றதன்று என்று எழுதினார். அது மாறாமல் திரும்பத் திரும்ப நிகழும். அதில் மகிழ்ச்சி இராது. விளையாடி முடித்தும் பிள்ளைக்கு ஆறுதல் கிட்டாது. உங்கள் பிள்ளையின் கதை கொடூரமாக இருப்பதால் மட்டும் அஞ்ச வேண்டா. வாரக்கணக்கில் ஒரே கதை, ஒரே முடிவு, இறுகிய முகம் என்றால் எங்களிடம் தெரிவியுங்கள். சாக விரும்புவதாகப் பிள்ளை கதையிலோ வெளியிலோ கூறினால் அடுத்த முறைவரை காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். நள்ளிரவானாலும் டெலி மானஸ் எண் 14416 கிடைக்கும்.

கதையின் நடுவே, யாரோ தன்னைத் தொட்டதாகவோ அடித்ததாகவோ பிள்ளை "நான்" என்றே சொல்லத் தொடங்கினால், அங்கே விளையாட்டு முடிகிறது. அமைதியாகக் கேளுங்கள், "நீ சொன்னது நல்லது, உன் மேல் தவறில்லை" என்று கூறுங்கள். விவரம் தோண்டாதீர்கள், மாமாவையும் அத்தையையும் அழைத்து மறுபடி சொல்லவைக்காதீர்கள், கைப்பேசியில் பதிவுசெய்து குடும்பக் குழுவிற்கு அனுப்பாதீர்கள். மீண்டும் மீண்டும் விசாரிக்கப்படும் குழந்தையின் வாய்மொழி குழம்பும். பிற்பாடு அதுவே அவனுக்கு எதிராகப் பயன்படும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. எங்களுக்கும் அக்கடமை உண்டு. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பூதம் முயலை அடித்தது என்ற கதை மட்டும் சான்றாகாது. அதை வைத்து யாரையும் குற்றம் சாட்டவும் கூடாது.

அமர்வு முடியும்போது அன்றைய கதையின் கடைசி வரியை ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகளே எழுதுவர். எழுத வராதவர் வரைவர். அடுத்த வாரம் அவ்வரியிலிருந்தே தொடங்குவதால், முறை தவறாமல் அழைத்து வருவது முக்கியம். ஒரு பிள்ளை வராவிட்டால் அதன் பாத்திரம் கதைக்குள் தூங்கிக்கொண்டிருப்பதாகக் கொண்டு மற்றவர் காத்திருப்பர். குறிப்பேடு எங்கள் அலமாரியில் இருக்கும். அதைப் பார்க்க விரும்பும் பெற்றோர் முதலில் தம் பிள்ளையிடம் அனுமதி கேட்குமாறு வேண்டுகிறோம். பிள்ளை சரி என்றால் நாங்களே எடுத்துத் தருவோம்.